ஊக்கப் பேச்சுகளிலிருந்து நம்பிக்கையையும் தலைமையையும் உண்மையில் கற்க முடிகிறதா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஊக்கப் பேச்சாளர்களின் உரைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் கேட்டு வருபவன் நான். அவற்றில் நம்பிக்கையும் தலைமையும் பெரும்பாலும் ஒரே மூச்சில் பேசப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். நம்புகிறவனைத்தான் உலகம் பின்தொடரும், ஆகவே முதலில் நம்பு என்பதே அந்த உரைகளின் சாரம். கேட்கும் வேளையில் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் மறுநாள் காலையில், நம் முடிவுக்காகக் காத்திருக்கும் நான்கு பேருக்கு முன்னால் போய் நிற்கும்போது, முந்தைய நாள் கேட்டதில் எதை எடுத்துக் கையாளுவது என்று பிடிபடுவதில்லை. அந்த இடைவெளியைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

மேடையில் சொல்லப்பட்ட வாசகங்களைவிட, அந்த மனிதர் மேடை ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் என்ன செய்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது என்பது என் எண்ணம். மார்ட்டின் லூதர் கிங்கை எடுத்துக்கொள்வோம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில் அவர் ஆற்றிய 'எனக்கொரு கனவு' உரையை அறியாதவர் குறைவு. ஆனால் தலைமையைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத் தந்தது, அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1956 ஜனவரியில், எவரும் கேளாத நேரத்தில் தம் வீட்டுச் சமையலறையில் அவர் பேசிய பேச்சுதான்.

கறுப்பினத்தவருக்கு எதிரான பாகுபாட்டை எதிர்த்து மாண்ட்கோமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி இரண்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை; அவருக்கு வயது 27. நள்ளிரவை ஒட்டிக் கொலை மிரட்டலோடு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. மனைவியும் பச்சிளங்குழந்தையும் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கம் வராமல் எழுந்தவர் காபி போட்டுக்கொண்டு மேசை முன் அமர்ந்து, கோழை என்ற பெயர் வாங்காமல் இந்தப் பொறுப்பிலிருந்து எப்படி விலகுவது என்று யோசிக்கிறார். பிறகு தலையைக் கைகளில் தாங்கியபடி வாய்விட்டு வேண்டுகிறார்: தமக்கு அச்சமாக இருக்கிறது, மக்கள் வழிகாட்டலுக்காகத் தம்மை நோக்கி நிற்கிறார்கள், தாம் வலுவிழந்து நின்றால் அவர்களும் தளர்ந்துவிடுவார்கள், இனித் தம்மால் முடியவில்லை என்கிறார். அந்த மேசையில்தான் தமக்குத் துணிவு வந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். சில நாட்களுக்குள் அவர் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. கூட்டமொன்றிலிருந்து ஓடி வந்தவர், மனைவியும் குழந்தையும் உயிரோடிருப்பதைப் பார்த்துவிட்டு, வாசலில் ஆயுதங்களோடு கொதித்துக்கொண்டிருந்த தம் மக்களிடம், பழிக்குப் பழி வேண்டாம், அமைதியாக வீடு திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு இதில் வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. தனிமையில் தம் தளர்ச்சியை ஒப்புக்கொண்ட பிறகே அவரால் மற்றவர்களை அமைதிப்படுத்த முடிந்தது. நாம் கேட்கும் உரைகளில் பெரும்பாலானவை முதற்பாதியை வெட்டிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பரிமாறுகின்றன. உங்கள் அனுபவத்தில், ஒரு பேச்சாளரிடமிருந்து பெற்ற எந்தப் பாடம் நடைமுறையில் தாக்குப்பிடித்தது, எது தாக்குப்பிடிக்கவில்லை?

ஆய்தம்

கேள்வி நன்று, எடுத்துக்காட்டுதான் இடிக்கிறது. கிங் ஊக்கப் பேச்சாளர் அல்லர். ஒரு போராட்டத்தின் பொறுப்பைச் சுமந்தவர், அந்தப் பொறுப்பின் பொருட்டுப் பேசியவர். பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அவரும் அவரை நம்பியவர்களும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பேசுவதையே தொழிலாகக் கொண்டவர் அப்படியல்லர். அவர் சொன்னதை நம்பி நான் ஒரு முடிவெடுத்துக் கெட்டுப்போனால், அது என் நம்பிக்கையின் குறைபாடாகிவிடும். வெற்றி பெற்றால் அவருடைய அடுத்த உரைக்கு ஒரு கதையாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் தோற்காத நிலையில் நின்று பேசுபவரிடம் தலைமையைக் கற்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்வதன்று. ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற அமெரிக்க ஊக்கப் பேச்சாளர் 2009 அக்டோபரில் அரிசோனா மாநிலத்தின் செடோனாவுக்கு அருகே ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். அதன் இறுதிக் கட்டமாக, பழுக்கக் காய்ச்சிய கற்களில் நீரூற்றி ஆவி எழுப்பும், மூடிய கூடாரம் ஒன்றுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து அமர்த்தப்பட்டார்கள். உடல் படும் அவதியைத் தாண்டிச் செல்வதே வளர்ச்சி என்பதுதான் அங்கே ஊட்டப்பட்ட எண்ணம். மூன்று பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2011இல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கூடாரத்தின் கதவு பூட்டப்படவில்லை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இடையில் எழுந்து வெளியேறியவர்களும் இருந்தார்கள். எஞ்சியவர்களை உள்ளே இருத்தியது பேச்சின் வலிமை; மூச்சு முட்டுகிறது என்று சொந்த உடம்பே சொன்னபோதும், அதைக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகிவிடுமோ என்ற கூச்சம். தலைவர் மீது வைத்த நம்பிக்கை, எச்சரிக்கை மணியைக் காதில் விழாமல் செய்துவிடுமானால், அந்த நம்பிக்கை எவ்வளவு உன்னதமான சொற்களால் ஊட்டப்பட்டிருந்தாலும் எனக்கு வேண்டியதில்லை.

சுடர்க்கொடி

ஆய்தம் ஐயா, ஒரு குற்றவாளியைக் காட்டி ஒரு துறையையே தள்ளிவிடுகிறீர்கள். தொழில்முறைப் பேச்சாளர் ஒருவரிடமிருந்து நான் பெற்றதைச் சொல்கிறேன்.

உடற்குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர்கள் மாதந்தோறும் கூடும் ஒரு சிறு குழுவை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. நிக் வூயிச்சிச் என்ற பெயர் எங்கள் கூட்டங்களில் அடிக்கடி வரும். 1982இல் மெல்போர்னில் கைகளும் கால்களும் இல்லாமல் பிறந்தவர். கிறித்தவ நம்பிக்கையை மையமாக வைத்து உலகெங்கும் பேசி வருபவர். கை கால் வேண்டும் என்று சிறு வயதில் ஓயாமல் வேண்டிக்கொண்டதையும், பத்து வயதில் குளியல் தொட்டி நீரில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும் அவர் மறைப்பதில்லை. அற்புதம் நிகழலாம் என்பதால் அலமாரியில் ஒரு ஜோடி காலணி வைத்திருப்பதாகவும் சொல்வார். அதே மூச்சில், அது நிகழாமற்போனாலும் தம் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்பார். அவர் மேடையில் செய்துகாட்டும் ஒன்று இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் கவிழ விழுந்துவிடுவார். விழுந்தபடியே சிறிது நேரம் பேசுவார். பிறகு நெற்றியைப் புத்தகத்திலோ வேறொரு பிடிமானத்திலோ ஊன்றி, உடலை அங்குலம் அங்குலமாக நகர்த்தி எழுந்து நிற்பார். எழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் சுருக்குவதே இல்லை. அரங்கு முழுவதும் அந்த மெதுவான வேலையைப் பார்த்தாக வேண்டும்.

ஒரு காணொளிக் கூட்டத்தில் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டினோம். எல்லோரும் கைதட்டியபோது ஒரு தாய் மட்டும் ஒலியை அணைத்துவிட்டுத் திரையிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார். பிறகு தனியே பேசியபோது அவர் சொன்னார்: "கை கால் இல்லாதவரே இவ்வளவு செய்கிறாரே, உன் பிள்ளைக்கு என்ன குறை என்று உறவினர்கள் என்னிடம் கேட்பதற்குத்தான் இந்த மனிதர் பயன்படுகிறார், அக்கா." பேச்சாளர் சொல்லாத ஒன்றை, அவர் பெயரைச் சொல்லிப் பிறர் தடியாக எடுத்து அடிக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் ஏற்பட்டது: யாருடைய வெற்றிக் கதையைப் பகிர்ந்தாலும், அவருக்கு எவை துணையாக இருந்தன என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். நிக்குக்கு உறுதியான பெற்றோர் இருந்தார்கள், கல்லூரிப் படிப்பு கிடைத்தது, திருச்சபையின் ஆதரவு இருந்தது. இவற்றைச் சொல்லும்போது கதையின் பெருமை குறைவதில்லை. கேட்கிறவர் தன்னோடு ஒப்பிட்டுக் குமைவது குறைகிறது. தலைமை என்று பார்த்தால், கதையைத் தேர்ந்தெடுப்பதோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை, அது யார் மீது போய் விழுகிறது என்று பார்ப்பதும் என் வேலைதான்.

கடற்காகம்

சுடர்க்கொடி அம்மா சொன்ன காலணி எனக்கு வேறொருவரை நினைவுபடுத்துகிறது. அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழரை ஆண்டுகள் சிறையிலிருந்து, 1973இல் விடுதலையானவர். மேலாண்மை எழுத்தாளர் ஜிம் காலின்ஸ் அவரிடம், சிறையிலிருந்து மீளாமற்போனவர்கள் யார் என்று கேட்டபோது, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நாள் குறித்துக்கொண்டிருந்தவர்கள் என்று பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் வெளியே போய்விடுவோம் என்பார்கள். அது கடந்து போகும். ஈஸ்டர் என்பார்கள், அதுவும் போகும். கடைசியில் மனம் உடைந்து இறந்துபோனார்கள். ஸ்டாக்டேலுக்கோ, தாம் இறுதியில் மீள்வோம் என்பதில் ஐயம் எழவே இல்லை. ஆனால் எப்போது என்ற கணக்கை அவர் தமக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மேலாண்மைப் பயிலரங்குகளில் இந்தக் கதை இதோடு நிறுத்தப்படுவதுதான் என் வருத்தம். அவர் அங்கே செய்த தலைமைப் பணி இதைவிடப் பெரியது. சித்திரவதைக்கு எல்லோரும் ஏதோவொரு கட்டத்தில் பணிந்துவிடுவார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். பெயர் முதலிய சில விவரங்களைத் தவிர எதுவும் சொல்லக்கூடாது என்ற படைவிதியை அங்கே யாராலும் முழுமையாகக் காப்பாற்ற முடியவில்லை. மீறியவர்கள் வெட்கத்தால் தனித்துப் போனார்கள். ஆகவே எந்த அளவு வரை தாங்க வேண்டும், அதன் பின் எதைச் சொல்லலாம் என்று படிப்படியான ஏற்பாடு ஒன்றை வகுத்து, சுவரில் தட்டும் குறியீடுகள் மூலம் மற்றவர்களுக்கு அனுப்பினார். உடைந்தவன் மறுபடியும் குழுவுக்குள் வர ஒரு வாசலைத் திறந்து வைத்தார் என்று கொள்ளலாம். 'ஒருபோதும் தளராதே' என்று முழங்கும் எந்தப் பேச்சாளரிடமும் நான் இதைக் கேட்டதில்லை.

சிறு குறிப்பு ஒன்று. காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில், தம்மால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் எடை குறைந்தார்கள். மெலிந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டவர்கள் குறைவாகவே குறைந்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே இந்தப் பேச்சுகளின் பெருந்தவறு.

முதுவேனில்

அப்துல் கலாமைப் பற்றி இன்னும் யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு நிகழ்ச்சி எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதன் ஒரு பாதி நம் காதில் ஏறவே இல்லை என்பது என் குற்றச்சாட்டு.

தெரிந்த பாதி இது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஏவுகலன் முதன்முறையாக ஏவப்பட்டு, இரண்டாம் கட்டத்தில் தடுமாறி வங்கக்கடலில் விழுந்தது. திட்டத்தின் பொறுப்பாளர் கலாம். ஆனால் செய்தியாளர்களைச் சந்திக்க அவரை அனுப்பாமல், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான் தாமே சென்று, தோல்விக்குப் பொறுப்பேற்று, தம் குழுவின் மீது தமக்கு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று ஏவுதல் வெற்றி பெற்றபோது, செய்தியாளர்களை நீங்களே சந்தியுங்கள் என்று கலாமை அனுப்பிவிட்டார். தோல்வியைத் தலைவர் ஏற்பதும் வெற்றியைக் குழுவிடம் ஒப்படைப்பதும் தலைமை என்று கலாம் இதைச் சொல்லி முடிப்பார். அரங்கில் கைதட்டல் எழும்.

தெரியாத பாதியை, அல்லது தெரிந்தும் தவறவிட்ட பாதியை, அதே உரைகளில் கலாம் ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி ஏவுதலை நிறுத்தி வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருப்பது தெரிந்தது. அருகிலிருந்த வல்லுநர்கள், போதிய அளவு இருப்பு உள்ளது, கவலைப்பட வேண்டாம் என்று கணக்குச் சொன்னார்கள். கலாம் கணினியின் தடையை மீறி ஏவுவதற்கு முடிவெடுத்தார். பின்னர் நடந்த ஆய்வில், இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பின் கசிவே தோல்விக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது.

ஆகவே தவான் அன்று ஏற்றுக்கொண்டது வெறும் துரதிர்ஷ்டத்தின் பொறுப்பை அன்று. எச்சரிக்கையை மீறி எடுக்கப்பட்ட ஒரு முடிவின் பொறுப்பை. அதற்காகக் கலாமை அவர் விலக்கவில்லை. அதே வேளையில், நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஏவுதலுக்கு நாள் குறித்துவிடவும் இல்லை. தோல்வி கூறுகூறாக ஆராயப்பட்டது, ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு அதில் இருக்கிறது. மேடையில் ஒரு வரியில் தாவப்படும் அந்த ஓராண்டில்தான், ஒருவரையொருவர் நம்புவது என்றால் என்ன என்பது இருக்கிறது. தவான் 'நான் என் குழுவை நம்புகிறேன்' என்று சொன்னதை எல்லோரும் எளிதில் திருப்பிச் சொல்லிவிடுகிறோம். கசிவைக் கண்டுபிடித்துச் சொல்கிறவன் அந்தக் குழுவில் அச்சமின்றிச் சொல்லலாம் என்பதும் அந்த நம்பிக்கைக்குள் அடங்கியதுதான் என்பது ஏன் நமக்குத் தோன்றுவதில்லை?

வள்ளுவர் இதை இரண்டு பக்கமும் கட்டி வைத்திருக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவர் மீது ஐயம் கொள்வதும் தீராத துன்பம் தரும் என்பது 510ஆம் குறள். கணினி நின்றபோது நடந்தது முதல் வகைக்கு அருகில் வரும். தோல்விக்குப் பின் தவான் தவிர்த்தது இரண்டாம் வகையை.

ஆய்தம்

முதுவேனில் ஐயாவின் எடுத்துக்காட்டு இதுவரை வந்தவற்றில் கனமானது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: பாடத்தைத் தந்தவர் தவான், அவர் ஊக்கப் பேச்சு நிகழ்த்தித் திரிந்தவர் அல்லர். கலாம் சாட்சி சொன்னார். நல்ல பேச்சாளர் பிறருடைய தலைமைக்குச் சாட்சி சொல்கிறவராக இருக்கலாம் என்ற அளவுக்கு நான் இறங்கி வருகிறேன், அதற்கு மேல் இல்லை.

பொன்வண்டு

அதற்கு மேலும் இறங்கி வர ஒரு காரணம் தருகிறேன். பேச்சையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவர், தம்மைத் தாமே நம்பாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டதும் உண்டு.

பில்லி கிரஹாம் ஒரு கிறித்தவ நற்செய்திப் பேச்சாளர். 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது, தம் குழுவினரை அழைத்து, ஊர் ஊராகச் சென்று பேசும் நற்செய்தியாளர்கள் எந்தெந்தக் காரணங்களால் மக்களின் நம்பிக்கையை இழக்கிறார்கள் என்று தனித்தனியே பட்டியலிடச் சொன்னார். எல்லோருடைய பட்டியலிலும் கிட்டத்தட்ட ஒரே குறைகள் இருந்தன: பணம், பாலியல் ஒழுக்கக்கேடு, உள்ளூர்த் திருச்சபைகளைப் பழித்தல், கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டார்கள். வந்தவர்களின் எண்ணிக்கையைத் தாங்களே அறிவிக்காமல் காவல்துறை போன்ற வெளியாரின் மதிப்பீட்டை ஏற்பது அவற்றில் ஒன்று. 1950இல் அட்லாண்டாக் கூட்டங்கள் முடிந்ததும், சிரித்த முகத்தோடு விடைபெறும் கிரஹாமின் படத்தையும் காணிக்கைப் பணமூட்டைகளின் படத்தையும் ஒரு நாளிதழ் அருகருகே வெளியிட்டது. அவர் அவமானப்பட்டார், காணிக்கையிலிருந்து பங்கு பெறுவதை விட்டுவிட்டு, தம் அமைப்பிடமிருந்து நிலையான சம்பளம் பெறும் முறைக்கு மாறினார்.

இதன் அருகில் ஜிம் பேக்கரை வையுங்கள். தொலைக்காட்சி வழியே இறைநம்பிக்கையைப் பேசிப் புகழ்பெற்றவர். ஆயிரம் டாலர் கொடுப்பவர்களுக்குத் தம் விடுதியில் ஆண்டுதோறும் தங்கும் உரிமை வாழ்நாள் முழுவதும் உண்டு என்று, விடுதியில் இருந்த இடத்தைவிட மிக அதிகமானோருக்கு விற்றார். 1987இல் பதவி விலகினார், 1989இல் மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். இருவருமே ஒரே வேதத்தைப் பேசியவர்கள், இருவருக்குமே கூட்டத்தைக் கட்டிப்போடும் நாவன்மை இருந்தது. ஒருவர் கணக்கை வெளியார் கையில் கொடுத்திருந்தார் என்பதுதான் நான் காணும் வேறுபாடு. கிரஹாமின் அரசியல் நெருக்கங்களைப் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அமெரிக்க அதிபர் நிக்சனோடு அவர் கொண்டிருந்த உறவு அவர் பெயருக்கு அழியாத கறை. ஆனால் அந்த 1948 மாலையின் பயிற்சியை எந்தக் குழுவும் அரை மணி நேரத்தில் செய்து பார்க்கலாம்: நம்மைப் போன்றவர்கள் எதனால் கெட்டுப்போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெடுவழி

பொன்வண்டு அவர்களின் பதிவு என் முதற்கேள்விக்கு நேராக விடை சொல்கிறது. இதே கோணத்தில் கிங்கின் வாஷிங்டன் உரைக்கும் ஒரு வார்த்தை. கனவைப் பற்றிய பகுதி அந்த நொடியில் வானிலிருந்து இறங்கியது என்று பல பேச்சாளர்கள் சொல்வார்கள். அது எழுதி வைத்த உரையில் இல்லை என்பதும், பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அருகிலிருந்து குரல் கொடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் அதே கருப்பொருளை இரண்டு மாதங்களுக்கு முன் டெட்ராய்ட்டில் அவர் விரிவாகப் பேசியிருந்தார். பலமுறை பேசிப் பழகியிருந்ததால்தான் தாளை விட்டு விலகும் துணிவு வந்தது.

அந்தப் பேரணியைக் கட்டி எழுப்பிய பேயர்ட் ரஸ்டினின் பெயரோ ஊக்க உரைகளில் அரிதாகவே வருகிறது. பேருந்துகள், குடிநீர், கழிப்பறைகள், முதலுதவி, கடைசி வரிசை வரை கேட்கக்கூடிய ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலத்தில் அவரும் அவருடைய குழுவினரும் ஒழுங்கு செய்தார்கள். ஒலிபெருக்கி சரியில்லையென்றால் அந்த உரை முதல் சில வரிசைகளோடு நின்றிருக்கும். தன்பாலீர்ப்பாளர் என்பதைக் காட்டி அவரைத் தலைமைப் பொறுப்பில் முன்னிறுத்தக் கூடாது என்று இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அதையும் தாங்கிக்கொண்டு அவர் வேலையை முடித்தார்.

மழைக்குருவி

மூத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். எனக்கு நேரடியான ஓர் உதவி வேண்டும். தன்னார்வலர் குழுவொன்றுக்கு அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு ஓர் ஊக்கப் பேச்சாளரை அழைக்க வேண்டும் என்று பலரும் விரும்புகிறார்கள். குழுவில் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்களும் இருக்கிறார்கள், என்னைப் போல அது இல்லாதவர்களும் இருக்கிறார்கள். போன ஆண்டு எங்கள் வேலை சரியாக நடக்கவில்லை, பலர் சோர்ந்திருக்கிறார்கள். இந்த நிலையில் யாரை அழைப்பது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சுடர்க்கொடி

தம்பி அல்லது தங்கை, யாராயிருந்தாலும் வாழ்த்துகள். இறைநம்பிக்கையைப் பேசுகிறவரை அழைப்பதில் தவறில்லை. தம் நம்பிக்கை தமக்கு என்ன செய்தது என்று 'நான்' எனத் தம்மைப் பற்றியே பேசுகிறவராக இருந்தால் நம்பாதவரும் கேட்பார். கேட்கிறவருக்கு நம்பிக்கை போதாததால்தான் வேலை கெட்டது என்று 'நீங்கள்' எனச் சுட்டிப் பேசத் தொடங்குகிறவரை அழைக்காதீர்கள். சோர்ந்த குழுவுக்கு அந்தக் குற்றச்சாட்டு நஞ்சாகிவிடும்.

இன்னொன்று. டெஸ்மண்ட் டூட்டு நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைமை வகித்தபோது, 1996 ஏப்ரலில் நடந்த தொடக்க விசாரணைகளில், சித்திரவதைக்கு ஆளான முதியவர் ஒருவரின் வாக்குமூலத்தைக் கேட்டு மேசை மீது தலை கவிழ்ந்து அழுதுவிட்டார். அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. ஊடகங்களின் பார்வை பாதிக்கப்பட்டவர்களை விட்டுத் தம்மேல் திரும்பிவிட்டதைக் கண்டவர், இனிப் பொதுவில் அழுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். பேச்சாளரின் கண்ணீர் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அது அரங்கின் கவனத்தை யார் மீது திருப்புகிறது என்று பாருங்கள்.

முதுவேனில்

நான் சொல்வது இன்னும் சாதாரணமானது. கூட்டத்துக்கு முன்பே, சென்ற ஆண்டு எது சரியாக நடக்கவில்லை என்பதை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிப் பேச்சாளருக்கு அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு கேள்வியாவது திருப்பிக் கேட்பவரை அழைக்கலாம். 'அதெல்லாம் வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்' என்பவர் எல்லா இடத்திலும் பேசுகிற அதே உரையைத்தான் உங்கள் முன்னும் பேசுவார்.

அந்தப் பக்கத்தைக் குழுவினருக்கும் பேச்சுக்கு முன்பே படித்துக் காட்டிவிடுங்கள். கெட்ட செய்தி உங்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டும். இல்லையென்றால், ஒரு மணி நேரம் உற்சாகமாகக் கேட்டுவிட்டு வெளியே போகிறவர்கள், தேநீர் வேளையில் அதைத் தங்களுக்குள் கிசுகிசுவாகப் பேசிக்கொள்வார்கள்.

ஆய்தம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பேச்சாளரையே அழைக்கமாட்டேன். அந்தப் பணத்தில் வேறு வேலை பார்க்கலாம். குழு வற்புறுத்துகிறது என்றால் ஒரு நிபந்தனை விதியுங்கள்: ஒதுக்கும் நேரத்தில் பாதி உரைக்கு, பாதி கேள்விக்கு. கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி வடிகட்டக் கூடாது.

மழைக்குருவி

நன்றி. எழுதி அனுப்பும் யோசனை செயற்குழுவில் ஏற்கப்பட்டுவிட்டது. பாதி நேரம் கேள்விக்கு என்று சொன்னதும், நாங்கள் பேசி வைத்திருந்த இருவரில் ஒருவர் தமக்கு அது வழக்கமில்லை என்று விலகிக்கொண்டார். மற்றவர் ஒப்புக்கொண்டதோடு, கேள்வி நேரத்தை முதலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.